கீச்சுக் குரல்

"நீ கூப்பிட்டா மட்டும் ஓடி வருவா. நான் கூப்பிட்டா மகாராணிக்குக் காது கேட்காது!" என்று அக்கா தினமும் புலம்பியதால், மகளைக் காது பரிசோதனைக்கு அழைத்துப் போனேன்.

பரிசோதனை செய்யும் பெண் மகள் கையில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்தாள். "பீப் சத்தம் கேட்டா வாளியில போடணும். சரியா தங்கம்?" என்றாள் கனத்த குரலில்.

ஸ்பீக்கரில் தடித்த ஒலி வந்தபோதெல்லாம் கட்டை விழுந்தது. பிறகு கீச்சென்ற ஒலி வந்தது. எனக்குக் காது கூசியது. மகள் கட்டையைப் பிடித்தபடி, சத்தம் எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

"அடம் இல்ல சார். தடிச்ச குரல்தான் இவளுக்குக் கேட்கும். அதான் உங்ககிட்ட மட்டும் வர்றா."

"காதுக்கு மெஷின் வெச்சா?"

"கீச்சு ஒலியைக் கேட்கிற நரம்பே வேலை செய்யல சார். மெஷினாலயும் முடியாது. அவங்க அம்மாவுக்குக் குரல் எப்படி?"

"கீச்சுக் குரல்."

"அடித்தொண்டையில பேசச் சொல்லுங்க. பழகிடுவாங்க."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் போனை எடுத்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில், கடைசி வாரங்களில், மகளுக்காக என் மனைவி மூச்சு வாங்கியபடியே சொல்லிப் பதிவு செய்த கதைகள் அதில் இருந்தன. எப்போது போட்டாலும் மகள் பாதியில் எழுந்து போய்விடுவாள்.

ஒரு செயலியில் அந்தக் குரலைத் தடிக்க வைத்து ஓடவிட்டேன்.

மகள் சட்டென்று திரும்பினாள். போனைப் பிடுங்கிக் காதில் வைத்து, கதை முடியும்வரை அசையாமல் கேட்டாள்.

"யாருப்பா இந்த மாமா?" என்றாள்.