சல்லடை பார்த்த ராஜா

கோதுமை மாவு சலித்துக்கொண்டே டிவி பார்த்தேன். என் கையிலிருந்த சல்லடையும் பார்த்தது.

டிவியில், பல நூறு வருஷமாக மண்ணுக்குள் கிடந்த ஒரு ராஜாவைத் தோண்டி எடுத்தார்கள். அள்ளிய மண்ணைப் பெரிய சல்லடையில் போட்டு ஆட்டினார்கள். மண்ணெல்லாம் கீழே போனது. மேலே ராஜாவின் விரல் எலும்பு நின்றது. சுற்றி நின்றவர்கள் மூச்சுக்கூட விடவில்லை.

என் சல்லடை தனக்குள் புலம்பியது.

"கீழே விழுறதுதான் ஒசத்தின்னு நெனச்சுட்டேனே. மேலே நின்னதையெல்லாம் கோழிக்குத் தட்டிவிட்டேனே. அதுல எத்தனை ராஜா போனாங்களோ."

தன் மடியைப் பார்த்தது. மாவு இறங்கி, ஒரு வண்டு மட்டும் நின்றது.

"ஐயா, நீங்க எந்த ஊர் ராஜா?"

"ராஜாவா? நான் மாவு தின்னுற வண்டு. வாசல்ல கோழி நிக்குது, தப்பிக்க வழி சொல்லு."

"அவரும் மொதல்ல வெறும் எலும்பாத்தான் தெரிஞ்சாரு. பக்கத்துல போய்ப் பாத்தப்புறம்தான் ராஜான்னாங்க. என்னைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க."

நான் வாசலுக்குப் போய்த் தட்டினேன். கோழி ஓடி வந்தது. வண்டு விழவில்லை. இன்னொரு தரம் தட்டினேன். அப்பவும் விழவில்லை. அப்படி என்னதான் ஒட்டியிருக்கிறது என்று கையை நிறுத்தி, சல்லடையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். எனக்கே மூச்சு நின்றுவிட்டது. அந்தத் துளியூண்டு முதுகில் வரி வரியாக, யாரோ நாள் கணக்கில் உட்கார்ந்து செதுக்கின மாதிரி, அப்படி ஒரு...

"மேகலா, புள்ள முழிச்சிடுச்சு."

"இதோ வந்துட்டேன் அத்தை, சல்லடையை மட்டும் கோழிக்கு எட்டாத இடத்துல வெச்சுட்டு..."