வெறும் வெளிச்சம்

"ஒன்னுமே தெரியலையே, அபூ காலித். வெறும் வெளிச்சம்தான்!"

டாக்டர் மஹாசின் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். அம்மானில், குழந்தையில்லாதவர்கள் தேடி வரும் மருத்துவமனையின் லேப் அது.

"நல்லாப் பாருங்க டாக்டர்! மத்த கம்பெனி மிஷின்ல சாயம் போட்டாத்தான் ஆம்பளை உயிரணு தெரியும். சாயம் பட்டா அது செத்துடும். இது சாயமில்லாமலே, நீந்தறப்பவே காட்டும். அதுவும் தட்டுக்குக் கீழேருந்து!" என்றார் அந்த நுண்ணோக்கியை விற்க வந்திருந்த அபூ காலித்.

"நீந்தறது இருக்கட்டும், மிதக்கறதுகூட இல்லியே," என்றார் லேப் உதவியாளர் அபூ ஸக்ர். ஆறு பிள்ளைகளின் தகப்பன்; பேசத்தான் செய்வார்.

அபூ காலித் என்றால் காலிதின் அப்பா. காலித் இன்னும் பிறக்கவில்லை, அது வேறு விஷயம். கல்யாணமான புதிதில் தெருக்காரர்கள் ஆசையாக வைத்த பெயர், ஏழு வருடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனைவி அபீரை அவளுடைய மாமியார் கூட்டிப்போகாத வைத்தியர் இல்லை, குடிக்க வைக்காத கஷாயம் இல்லை. எதுவும் பலிக்கவில்லை. அதனால் வரும் வியாழக்கிழமை அபூ காலிதுக்கு இரண்டாவது கல்யாணம். டாக்டருக்கான அழைப்பிதழ், ஒரு தட்டு குனாஃபா இனிப்போடு மேசையில் இருந்தது.

ஆனால் இன்று மிஷின் விற்காவிட்டால் வேலை போய்விடும். வேலையில்லாத மாப்பிள்ளைக்கு எந்த வீட்டில் பெண் கொடுப்பார்கள்?

அவர் விளக்கைக் குறைத்தார், கூட்டினார். தட்டின் சூட்டைத் தொட்டுப் பார்த்தார். திருகாத திருகு இல்லை. அதே வெளிச்சம்.

"சாம்பிள்ல ஏதாவது..." என்று இழுத்தார் டாக்டர்.

"வல்லாஹி, அல்லா மேல சத்தியமா அரை மணி முன்னாடி எடுத்தது! கொடுத்தவன் சிங்கம் மாதிரி ஆளு. உங்க ஃப்ரீசர்ல கிடக்கறது பாதி செத்திருக்கும்னுதானே நானே கொண்டுவந்தேன்!"

"அப்ப மிஷின்தான் கோளாறு. மேலேருந்து பார்க்கற மிஷினையே வாங்கிக்கறேன்."

அபூ காலிதுக்கு வியர்த்தது. "இருங்க, இருங்க! அந்த ஃப்ரீசர் குப்பியையே எடுங்க. அதையும் பார்த்துடலாம்."

பயிற்சிக்காக இரண்டு வருடமாக உறைய வைத்திருந்த குப்பி. அதைக் கரைத்துத் தட்டில் ஒரு துளி விட்டார்கள்.

"அடேயப்பா! பெருநாளுக்கு முந்தின நாள் கடைத்தெரு மாதிரி என்ன கூட்டம்!" என்றார் டாக்டர்.

அபூ காலித் துள்ளினார். "நான் சொன்னேன்ல! மிஷின் தங்கம்! கோளாறெல்லாம் அந்த சாம்பிள்ல..."

முதல் தட்டை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

டாக்டர் ஆர்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "மிஷினை எடுத்துக்கறேன். மப்ரூக், வாழ்த்துகள், அபூ காலித்!"

"அது சரி, அந்தச் சிங்கம் யாருப்பா, அபூ காலித்?" என்று கண்ணடித்தார் அபூ ஸக்ர்.

அபூ காலித் மேசையிலிருந்த அழைப்பிதழை எடுத்து, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"என் சொந்தப் பேரு நாயிஃப். இனிமே அப்படியே கூப்பிடுங்க."