கடலில் நிற்கும் புள்ளி

மோட்டார் பட்டறைக்காரர் கைப்பேசித் திரையை மறுபடியும் தேய்க்கிறார். நீலக் கடலின் நடுவே சிவப்புப் புள்ளி அசையாமல் நிற்கிறது. எங்கோ இரண்டு நாடுகள் முட்டிக்கொண்டதில் கடல்வழி அடைபட்டு, அவருடைய செப்புக் கம்பியை ஏற்றிவந்த கப்பல் அங்கே முடங்கிக் கிடக்கிறது. பட்டறையில் மோட்டாருக்குச் சுற்றுவதற்கு ஒரு முழம் கம்பி இல்லை. ஆனாலும் எல்லா இயந்திரங்களும் வெறுமனே சுழன்று இரைகின்றன. அந்த அதிர்வில் மேசைமேல் டீ தம்ளர்கள் நடுங்குகின்றன. கடன் வாங்கிய பட்டறைகள் ஓடுகின்றனவா என்று நேரில் பார்க்கச் சொல்லும் புது விதியோடு எதிரே வங்கி அதிகாரி உட்கார்ந்திருக்கிறார். இந்தத் தெருவில் பாதிக் கடனை அனுமதித்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

“வேலை ஜோரா நடக்குது போல,” என்கிறார், உள்ளே எட்டிப் பார்க்காமலே.

“தலைக்கு மேல வேலை, சார்.” பட்டறைக்காரர் கைப்பேசியைக் கவிழ்த்து வைக்கிறார். டீயை எடுப்பதற்காக அதிகாரியும் தன் கைப்பேசியை மேசைமேல் வைக்கிறார். அதன் திரை இன்னும் அணையவில்லை. அதே நீலக் கடல், அதே சிவப்புப் புள்ளி. இருவரும் அதைப் பார்க்கிறார்கள். அதிகாரி டீயைக் குடிக்காமலே தம்ளரை வைத்துவிட்டு, வாசலைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார்.

“மெஷினை நிறுத்திடாதீங்க. எங்க மேலதிகாரி பின்னாடியே வர்றாரு.”