பித்தளை தெரிந்த மனுஷன்

"அரை இஞ்ச் பிளாஸ்டிக் குழாய் ஒண்ணு குடுங்கண்ணே."

செந்துறை பஸ் ஸ்டாண்டை ஒட்டின ஹார்டுவேர் கடையில் தனம் கேட்டு முடிப்பதற்குள், பின்னால் நின்ற அவள் புருஷன் முத்துவேல் முன்னால் வந்துவிட்டான்.

"பிளாஸ்டிக் எல்லாம் வேணாம். பித்தளை எடுங்க."

கடைக்காரர் வைத்திலிங்கத்துக்கு முகம் மலர்ந்துபோனது. வருகிறவர்கள் எல்லாம் 'இருக்கறதுலயே கம்மியா எடுங்க' என்று கேட்கிற கடை அது. தானாக வந்து பித்தளை கேட்கிற ஆளைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

"வூட்டுல என்ன விசேஷம்?" என்றார்.

"நாளைக்கு எம் பொண்ணு சுவாதியப் பாக்க ஆண்டிமடத்துலேர்ந்து வராங்கண்ணே. வாசல்ல கை கால் கழுவுற எடத்துல குழாய் இல்ல. பைப்புல துணியச் சுத்தி அடைச்சு வச்சிருக்கேன். ஏற்கெனவே ரெண்டு எடம் தட்டிப் போயிடுச்சு. இதாவது அமையணும்" என்றாள் தனம்.

"பழைய குழாய் என்னாச்சு?"

"அது போயிடுச்சுங்க" என்றான் முத்துவேல், சுருக்கமாக.

வைத்திலிங்கம் இரண்டு குழாய்களை எடுத்து மேசைமேல் வைத்தார். இரண்டும் ஒரே மாதிரி பளபளவென்று இருந்தன. முத்துவேல் ஒன்றைக் கையில் எடுத்தான், உடனே கீழே வைத்தான்.

"இது ஜிங்க் வார்ப்பு. மேல முலாம். நம்ம போர் தண்ணி உப்புக்கு ரெண்டே வருஷத்துல திருகுற மரை அரிச்சு, கழுத்தோட ஒடிஞ்சிடும்."

வைத்திலிங்கம் அதை மெல்ல எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார்.

"இது சரியான பித்தளை" என்று அடுத்ததைத் தடவினான் முத்துவேல். "இரும்புல செஞ்சா துரு ஏறும். எவர்சில்வர் நல்லதுதான், ஆனா மரை வெட்டுறதுக்குள்ள உசுரு போயிடும். வெறும் செம்புன்னா மெத்துன்னு இருக்கும், தேஞ்சிடும். செம்போட ஜிங்க் கலந்தாத்தான் கெட்டிப்படும், மரையும் சுத்தமா விழும். அதனாலதாங்க குழாய்க்குப் பித்தளை."

"அடேயப்பா! பிளம்பருங்களா நீங்க?"

"இல்லைங்க. முந்திரிக் காட்டுல கூலி வேலை. இதெல்லாம் சும்மா பழக்கத்துல வந்தது."

சொல்லிக்கொண்டே குழாயை உள்ளங்கையில் வைத்து லேசாக ஏற்றி இறக்கினான்.

"நானூத்தி இருவது கிராம்."

வைத்திலிங்கம் நம்பவில்லை. ஆணி நிறுக்கிற தராசில் வைத்துப் பார்த்தார். நானூற்றுப் பதினெட்டு.

"பதினஞ்சு வருஷமா கடை வச்சிருக்கேன், எனக்கே இது வராது சார்!" கூலிக்காரன் அந்த நிமிஷத்தில் சார் ஆகிவிட்டான்.

தனத்துக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்கு பிளாஸ்டிக் போதும்ண்ணே" என்றாள்.

"ஏம்மா, வெயில்ல ஆறு மாசம் காஞ்சா கைப்பிடி பட்டுனு கையோட வந்துடும்மா."

"வரட்டும்."

"சம்பந்தி வூட்டுக்காரர் வந்து பிளாஸ்டிக்கத் திருகுனா என்ன நெனைப்பாரு?" என்றான் முத்துவேல், ரொம்ப வருத்தமாக. "நம்ம மானம் என்னாவுறது?"

"கேட்டியாம்மா? ஒரு குழாய்க்கே இவ்வளவு பாக்குறவரு, பெத்த பொண்ணுக்கு எவ்வளவு பாப்பாரு! நீ குடுத்து வச்சவ. பேசாம சார் சொல்றதக் கேளு" என்று வைத்திலிங்கம் பித்தளைக் குழாயைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தார்.

தனம் கையை நீட்டித் தடுத்தாள்.

"சித்திரையிலேர்ந்து நாலு பித்தளைக் குழாய் மாட்டுனேண்ணே. நாலையும் இவருதான் கழட்டிட்டுப் போயி பழைய இரும்புக் கடையில எடைக்குப் போட்டு, குழாய்க்கு ஒரு குவாட்டர்னு குடிச்சாரு. நாளைக்கு அவங்க கை கழுவுற வரைக்குமாவது குழாய் சுவத்துல இருக்கட்டும், பிளாஸ்டிக்கே குடுங்க."