இருநூற்றுப் பதினான்காவது மலை

நான்காவது உச்சியின் கற்குவியல் கண்ணில் பட்டதும் கிளெனிஸ் குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டினாள்.

கட்டிவிட்டு அடுத்த காலையும் அவிழ்த்தாள்.

“சீக்கிரம்மா. நீ கட்டி முடிக்கறதுக்குள்ள மலையே தேஞ்சுடும்” என்றான் டெஸ்மண்ட்.

எழுபத்து நான்கு வயதில் அவனுக்குக் காலையிலிருந்தே தரையில் கால் பாவவில்லை. புல் மூடிய மூன்று மலைகளை ஏறி இறங்கிவிட்டு, நான்காவதன் முதுகில் காலேஜ் பையன் மாதிரி நின்றான். இனி இறக்கம்தான். வட்டம் சுற்றி, மதியச் சாப்பாட்டுக்குள் கார்கள் நிற்கும் இடத்துக்கே போய்விடலாம்.

கார்கள் இரண்டு. அவனுடையது ஒன்று, அவளுடையது ஒன்று.

வட இங்கிலாந்தின் இந்த ஏரிப் பகுதியில் மலை ஏறுகிறவர்களிடம் ஒரு பட்டியல் உண்டு. இருநூற்றுப் பதினான்கு மலைகள். உச்சிக் கல்லைக் கையால் தொட்டால்தான் ஏறியதாகக் கணக்கு. இருவரும் சேர்ந்தே தொடுவது என்று கல்யாணமான புதிதில் இவர்கள் பேசி வைத்தார்கள்.

இருபத்தாறு வருடம் கழித்து விவாகரத்தானது. வீடு அவளுக்கு, நாய் அவனுக்கு. பட்டியலைப் பிரிக்க மட்டும் எந்த வக்கீலுக்கும் வழி தெரியவில்லை. அப்போது முப்பத்தொன்பது மலைகள் பாக்கி. ஒருவர் தனியாகப் போய் முடித்துவிட மற்றவர் விடுவதாக இல்லை.

ஆகவே மாதத்தின் முதல் வியாழக்கிழமை அவன் பென்ரித்திலிருந்து வருவான், அவள் கெண்டலிலிருந்து வருவாள். ஒரு நடைக்கு ஒரு புது மலைதான் என்று சட்டம் போட்டது கிளெனிஸ். அப்படிப் பார்த்தாலும் மூன்றே கால் வருடத்தில் முடிந்திருக்க வேண்டும். மழை, பல்வலி, முழங்கால் என்று இழுத்துப் பதினெட்டு வருடமாக்கியதும் அவள்தான்.

அவளுக்கு முழங்காலில் ஒன்றுமில்லை.

இன்றைய நான்கில் புதியது இந்த ஒன்றுதான். இன்றோடு பட்டியல் முடிந்தால், அடுத்த மாதம் அவன் வருவதற்கு ஒரு காரணமும் கிடையாது. அவளுக்கு அவன் வேண்டும். வீட்டுக்கு வேண்டாம், இரண்டு வேளை சேர்ந்து சாப்பிட்டால் மூன்றாவது வேளை சண்டை வந்துவிடும். மாதத்தில் ஒரு நாள், இந்தக் காற்றில், பக்கத்தில் வேண்டும். அதைச் சொல்லத்தான் அவளுக்கு வாய் வரவில்லை.

மே மாத வெயில் இதமாக இருந்தது. எங்கோ மேலே வானம்பாடி ஒன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. முதுகில் சிவப்பு மை பூசிய ஆடுகள் இவர்களைச் சட்டை செய்யாமல் மேய்ந்தன.

லேஸ் இரண்டும் கட்டியாயிற்று. வேறு வழியில்லை. இருவரும் குவியலின் தலைக்கல்லில் கை வைத்தார்கள்.

டெஸ்மண்ட் குதிப்பான் என்று நினைத்தாள். அவன் கையை எடுக்கவே இல்லை.

“அப்ப… முடிஞ்சிடுச்சு” என்றான். பிறகு பையிலிருந்து புதினா மிட்டாய்க் கட்டியை எடுத்து உடைத்து, பெரிய துண்டை அவளிடம் கொடுத்தான்.

கிளெனிஸ் அதை வாயில் போடவில்லை.

“முடியலைய்யா. பிளேக் ரிக் ஏறினோமே, ஞாபகம் இருக்கா? அன்னிக்கு ஒரே மூடுபனி. நாம தொட்டது வேற குவியல். நெஜ உச்சி அதுக்கு அந்தாண்ட இருந்துச்சு. எனக்கு அப்பவே சந்தேகம்.”

நடக்காத விஷயமில்லை. இந்த மொட்டைப் புல்மேடுகளில், மூடுபனி இறங்கிவிட்டால், உச்சி எது என்று யாருக்கும் பிடிபடாது. தப்பான குவியலைத் தொட்டுவிட்டு வருடக்கணக்கில் பெருமையடித்துக்கொண்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். உண்மை தெரிந்த அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு மறுபடி ஏறுவார்கள்.

அவள் சண்டைக்குத் தயாரானாள். எதிராளி தேதியைத் தப்பாகச் சொன்னால்கூட டெஸ்மண்டுக்குப் பொறுக்காது. கல்யாண வீடானாலும் சாவு வீடானாலும் அங்கேயே நிறுத்தித் திருத்துவான். விவாகரத்துக்கு அவள் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

அவன் மிட்டாயை மென்றுகொண்டே மேற்கே பார்த்தான். வெகு நேரம் பார்த்தான்.

“ஆமாமா” என்றான் கடைசியில். “என்னா பனி அது! எனக்கு முன்னால போன உன் தொப்பிகூடத் தெரியல.”

“அப்ப அது கணக்குல வராதுல்ல?”

“எப்படி வரும்?”

சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்தான். பென்சிலைத் தேடி எடுத்து, பிளேக் ரிக் பக்கத்திலிருந்த டிக்கை அவனே அழுத்திக் கோடு போட்டு அடித்தான்.

“அடுத்த மாசம் போயிடலாம். மழை வந்தா அதுக்கடுத்த மாசம்.”

கிளெனிஸ் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள். இருவரும் சரிவில் இறங்கத் தொடங்கினார்கள். அவனைப் பின்னாலிருந்து பார்த்தபடி நடந்தவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிளேக் ரிக் ஏறிய அன்று மூடுபனி மருந்துக்குக்கூட இல்லை. கடலைத் தாண்டி மேன் தீவு வரை பளிச்சென்று தெரிந்தது. வெயிலில் வெந்து டெஸ்மண்டின் மூக்கு தோல் உரிந்துபோனது. ஒரு வாரம், காலையும் மாலையும், அதில் கலமைன் லோஷன் பூசிவிட்டவள் கிளெனிஸ்.