ஒரு முடி போதும்

"ஏட்டி, தள்ளி நின்னு தலை வாரு! கேமரா தொறந்து கெடக்கு."

கடலுக்கடியில் படமெடுக்க அந்தக் குட்டிக் கேமராவை வாங்கியதிலிருந்து சுடலைக்கண்ணனுக்கு இதே பாட்டுதான்.

"தொறந்து கெடந்தா என்னவாம்?"

"மூடியச் சுத்தி ரப்பர் இருக்குல்லா? அதுல ஒரு முடி சிக்கினாப் போதும். தண்ணி உள்ள போயி கேமரா காலி!"

தாராவியிலிருந்து மால்வண் கடற்கரை வரை அவன் மனைவி கோகிலவாணி கொண்டையை அவிழ்க்கவே இல்லை.

படகிலிருந்து மாஸ்க்கை மாட்டிக்கொண்டு முங்கிய சுடலைக்கண்ணன், மூக்கெல்லாம் தண்ணீரோடு இருமிக்கொண்டு மேலே வந்தான். மறுபடி முங்கினான். அதே கதை. கேமராவுக்குள் மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"மாஸ்டர், மாஸ்க் ஓட்டை! வேற குடுங்க."

டைவிங் மாஸ்டர் மாஸ்க்கைப் பார்க்கவே இல்லை. மாஸ்க் ரப்பர் உட்காரவேண்டிய இடத்தில், மூக்குக்குக் கீழே தொடங்கி இரண்டு கன்னத்துக்கும் முறுக்கிவிட்டிருந்த மீசையைத்தான் பார்த்தார். பெட்டியைத் திறந்து ஒரு ரேசரை நீட்டினார்.

கோகிலவாணி கொண்டையை அவிழ்த்துக் காற்றில் உதறினாள்.

"ஒரு முடி சிக்கினாப் போதும்னு நீங்கதான சொன்னிய? ரேசர வாங்குங்க. கேமராவ இப்படிக் குடுங்க. மொத படம் நான் எடுக்கேன்!"