மகனீசியம் நாடா

"என்ர பெட்டியை ஏன் அன்ரி வெளியில வைச்சிருக்கிறியள்?"

வெள்ளவத்தை மாடிவீட்டின் வாசலில் கொன்ஸ்ரன்ஸ் நின்றாள். இரண்டு இரவு பொலிஸில் இருந்த அதே சேலை, கசங்கிப்போய்.

பாலேஸ்வரி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"கோவிக்காதையுங்கோ பிள்ளை. வயசுப் பெடியன் இருக்கிற வீடு. அவங்கள் திரும்பி வந்தாங்கள் எண்டால்..."



நான்கு வருடமாக அந்த வீட்டின் முன்னறையில் வாடகைக்கு இருப்பவள் கொன்ஸ்ரன்ஸ். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் இரசாயனம் படிப்பிக்கிறாள். பாலேஸ்வரி காய்ச்சலில் விழுந்தபோது பக்கத்திலிருந்து கஞ்சி பருக்கியவளும் அவள்தான்.

செவ்வாய்க்கிழமை விடியத் தெருவைச் சுற்றி வளைத்தார்கள். வீட்டைக் கிளறிய பொலிஸார், கொன்ஸ்ரன்ஸின் மேசையில் வெள்ளி நிற நாடாச் சுருள் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். ஒருவன் விளையாட்டாக அதன் நுனியில் லைற்றரைப் பிடித்தான். கண்ணைக் குத்தும் வெள்ளை வெளிச்சம்! நாடாவை வீசிவிட்டு, குண்டென்று நினைத்து "போம்ப!" என்று அலறினான்.

"மகனீசியம் சேர்," என்று கொன்ஸ்ரன்ஸ் பதறாமல் சிங்களத்தில் சொன்னாள். "காற்றில் எரிந்தால் ஒட்சிசனோடு சேர்ந்து வெறும் வெள்ளைத் தூளாகிவிடும். வகுப்பில் பிள்ளைகளுக்கு எரித்துக் காட்டுவது."

அதிகாரி அதைக் காதில் வாங்கவில்லை. பாலேஸ்வரி பக்கம் திரும்பி, "இவள் யார்?" என்று கேட்டார்.

பாலேஸ்வரி மகன் நிமலனைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். "வாடகைக்கு இருக்கிறவள். இவளைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது."

அந்தச் சொல்தான் இரண்டு நாளாகப் பாலேஸ்வரியை அறுத்துக்கொண்டிருந்தது. இப்போதும் கொன்ஸ்ரன்ஸின் முகத்தைப் பார்க்க முடியாமல் பெட்டியின் பூட்டையே பார்த்தாள்.

"எங்கட பிரின்சிப்பல் நேரில வந்து கதைச்சவ. அதுதான் விட்டவங்கள்," என்றாள் கொன்ஸ்ரன்ஸ்.

"சந்தோசம் பிள்ளை. ஆனா..." குற்றவுணர்வு பாலேஸ்வரியின் குரலில் கோபமாக வெளிவந்தது. "நீங்கள் படிச்சனீங்கள். நாடு இருக்கிற இருப்பில அப்பிடியான சாமானை வீட்டை கொண்டு வரலாமோ? நிமலனையும் பிடிச்சுக்கொண்டு போயிருந்தா நான் என்ன செய்வன்? பெடியன் பயத்தில இன்னும் ஒழுங்காச் சாப்பிடுறானில்லை."

கொன்ஸ்ரன்ஸ் குனிந்து பெட்டியைத் தூக்கினாள்.

"எங்க போகப் போறியள்?"

"கொட்டாஞ்சேனையில சின்னம்மா வீடு இருக்கு."

இருந்துவிட்டுப் போ என்று சொல்ல வாய் உன்னியது. பாலேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இரண்டு படி இறங்கிய கொன்ஸ்ரன்ஸ் நின்றாள். உள்ளே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

"அன்ரி, நிமலனை ஏசாதையுங்கோ. ஆனா அவன்ர பள்ளிக்கூட லாப்பில இருந்து இனி ஒண்டும் எடுத்துக்கொண்டு வர வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அவங்கள் கதவைத் தட்டேக்க அந்த நாடா அவன்ர பொக்கெற்றுக்குள்ளதான் இருந்தது. நான்தான் பறிச்சு என்ர மேசையில வைச்சனான்."